நுண்துளை வழியாகக் கர்ப்பப்பை அகற்றும் அறுவை: போகும் முன்பும் திரும்பிய பின்பும் செய்ய வேண்டியவை

தொப்புளில் ஒன்று, அடிவயிற்றில் மூன்று என என் வயிற்றில் நான்கு தழும்புகள் இருக்கின்றன. தொப்புளில் இருப்பது 10 மில்லிமீட்டர், மற்றவை 5 மில்லிமீட்டர். கர்ப்பப்பையில் வளர்ந்த நார்க்கட்டிகளுக்காகச் சென்ற ஆண்டு நாகர்கோவிலில் எனக்கு நடந்த அறுவைக்கு வெளியே தெரியும் அடையாளம் இவ்வளவுதான். இதைப் பார்த்துவிட்டு, "இதற்கா இத்தனை நாள் படுத்திருந்தாய்?" என்று கேட்ட உறவினர்கள் உண்டு. நானும் அப்படியே எண்ணி, நான்காவது வாரத்தில் ஒரு தவறு செய்தேன். அதை உரிய இடத்தில் சொல்கிறேன். ஸ்கேன் எடுத்து, கட்டி இருப்பதை அறிந்து, அறுவைக்கு நாள் குறிக்கும் நிலையில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் மருத்துவர் அல்ல என்பதால், மருந்தின் அளவுகளைப் பற்றி இங்கே எதுவும் சொல்லப்போவதில்லை.

என் மாமியார் இந்த நுண்துளை அறுவையை (லேப்ராஸ்கோப்பி) புதிதாக வந்த சோதனை முறை என்று எண்ணி அஞ்சினார். உண்மையில் இந்த முறையை வளர்த்தவர்களில் முன் நின்றவர்கள் பெண்நோய் மருத்துவர்களே. ஜெர்மனியில் கீல் நகரைச் சேர்ந்த குர்ட் செம் 1980ஆம் ஆண்டு குடல்வாலை நுண்துளை வழியாக அகற்றியபோது, பொது அறுவை மருத்துவர்கள் அவரைக் கடுமையாகச் சாடினார்கள். அமெரிக்காவில் ஹாரி ரைக் 1988இல் கர்ப்பப்பையை இதே வழியில் அகற்றிக் காட்டினார். இதைச் சொன்ன பிறகுதான் மாமியார் மருத்துவமனைக்குத் துணை வரச் சம்மதித்தார்.

படி 1: கையெழுத்திடுவதற்கு முன் கேட்க வேண்டியவை

ஒப்புதல் படிவம் பெரும்பாலும் அறுவைக்கு முந்தைய இரவு, களைப்பில் இருக்கும்போது கைக்கு வருகிறது. ஆகவே கேள்விகளை ஒரு வாரத்துக்கு முன்பே, புறநோயாளர் பிரிவில் மருத்துவரைப் பார்க்கும் அன்றே கேட்டுவிடுங்கள். நாட்காட்டியில் கிழித்த தாளின் பின்புறம் எழுதிக்கொண்டு போனேன். கைபேசியில் எழுதி வைத்தால் மருத்துவர் முன் அதைத் தடவித் தேடுவதற்குள் நமக்குரிய நேரம் முடிந்துவிடும்.

முதல் கேள்வி, கர்ப்பப்பையை எடுத்தே ஆக வேண்டுமா என்பது. கட்டி இருக்கும் இடத்தையும் அளவையும் பொறுத்து, மாத்திரை, ஹார்மோன் சுரக்கும் கருப்பைச் சாதனம், கட்டியை மட்டும் அகற்றுதல் ஆகிய வழிகள் சிலருக்குப் பொருந்தும். இரண்டாவது, சினைப்பைகளை விட்டுவைப்பார்களா, சேர்த்து எடுப்பார்களா என்பது. மாதவிடாய் நிற்கும் வயதுக்கு முன்பே இரண்டையும் எடுத்துவிட்டால் உடல் சூடு பரவுதல், எலும்புத் தேய்மானம் ஆகியவை முன்கூட்டியே தொடங்கும் என்பதால், "எப்படியும் எடுக்கிறோம், அதையும் எடுத்துவிடலாம்" என்ற பேச்சுக்குச் சட்டென்று தலையாட்டாதீர்கள். மூன்றாவது, பெரிய கட்டியை எப்படி வெளியே எடுப்பார்கள் என்பது. கட்டியைத் துண்டாக்கும் மின் கருவிகளைப் பற்றி அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2014இல் எச்சரித்தது. கட்டிக்குள் தெரியாமல் புற்று இருந்தால் அது வயிறெங்கும் சிதறக்கூடும் என்பதே காரணம். எனக்கு ஒரு பைக்குள் வைத்துத் துண்டாக்கிப் பிறப்புறுப்பு வழியாக எடுப்பதாக மருத்துவர் விளக்கினார்.

கடைசிக் கேள்வியைப் பலரும் கேட்பதில்லை: உள்ளே போன பிறகு வயிற்றைக் கீறித் திறக்க நேர்ந்தால் என்ன செய்வீர்கள்? முந்தைய சிசேரியனால் உள்ளுறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டியிருப்பதாலோ, ரத்தப் போக்காலோ அப்படி நேரலாம். அது மருத்துவரின் தோல்வி அன்று, உயிரைக் காக்க எடுக்கும் முடிவு. அப்படி நடந்தால் எத்தனை நாள் தங்க வேண்டும், செலவு எவ்வளவு கூடும் என்பதை வீட்டாரும் முன்பே அறிந்திருக்க வேண்டும்.

படி 2: இடத்தைத் தேர்ந்தெடுத்தல்

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் பலரும் கேரள எல்லையில் உள்ள களியக்காவிளையைத் தாண்டித் திருவனந்தபுரம் போகிறார்கள். அங்கே நல்ல மருத்துவர்கள் இருக்கிறார்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் வீட்டுக்கு வந்த நான்காம் நாள், இரவு 2 மணிக்கு வயிறு வீங்கினால் எங்கே போவீர்கள் என்பதே என் அளவுகோல். அறுவை செய்த மருத்துவரிடமே ஒரு மணி நேரத்துக்குள் போய்ச் சேர முடிகிற இடத்தையே நான் விரும்புவேன்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை வைத்திருப்பவர்கள், அந்த மருத்துவமனையில் இந்த அறுவைக்கு அது செல்லுமா என்பதையும், முன் அனுமதி வந்துவிட்டதா என்பதையும் மருத்துவமனையில் சேரும் நாளுக்கு முன்பே உறுதிசெய்துகொள்ளுங்கள்.

படி 3: முந்தைய வாரம்

உட்கொள்ளும் எல்லா மாத்திரைகளையும் அட்டையோடு ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். ரத்தத்தை இளக்கும் ஆஸ்பிரின், குளோபிடோகிரெல் ஆகியவற்றை நீங்களாக நிறுத்தவும் கூடாது, சொல்லாமல் தொடரவும் கூடாது. வைத்தியசாலையில் வாங்கும் லேகியமும் அரிஷ்டமும்கூட மயக்க மருத்துவருக்குத் தெரிய வேண்டும்.

அறுவைக்கு முன் திட உணவை 6 மணி நேரமும், வெறும் தண்ணீரை 2 மணி நேரமும் நிறுத்துவது பொதுவான விதி. உங்களுக்குச் சொன்ன நேரம் வேறாக இருந்தால் அதையே பின்பற்றுங்கள். பால் சேர்த்த சாயா உணவுக் கணக்கில் சேரும். "கட்டன் (பால் சேர்க்காத சாயா) தானே" என்று சொல்லிப் பாலும் ஊற்றிக் குடித்த ஒருவருக்கு, என் பக்கத்துக் கட்டிலில், அறுவை அன்று மாலைக்குத் தள்ளிப்போனது.

நகப்பூச்சை அழித்துவிடுங்கள், விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி தவறாகக் காட்டலாம். தொப்புளைக் குளிக்கும்போது சோப்பு நீரால் சுத்தம் செய்யுங்கள். முதல் துளை பெரும்பாலும் அங்கேதான் விழுகிறது.

படி 4: அறுவை அன்று

இதில் நாம் செய்ய ஒன்றுமில்லை. முழு மயக்கம் கொடுப்பார்கள். வயிற்றுக்குள் கரியமில வாயுவைச் செலுத்தி உப்பச் செய்வார்கள். குடல் மேலே விலகுவதற்காகத் தலைப்பக்கம் தாழ்ந்திருக்கும்படி மேசையைச் சாய்ப்பார்கள். விழித்தபோது தொண்டை எரிந்தது, முகம் உப்பியிருந்தது, சிறுநீர்க் குழாய் மாட்டியிருந்தது. மூன்றும் எதிர்பார்க்க வேண்டியவையே.

படி 5: தோள்வலி

என்னைக் கலங்கடித்தது இதுதான். அறுவை முடிந்த மறுநாள் இரவு, வயிறு பொறுக்கும்படியாக இருக்க, வலது தோள்பட்டையின் மேற்புறத்தில் கத்தியைச் செருகியதுபோல் ஒரு வலி எழுந்தது. மூச்சை இழுத்தால் கூடியது; நிமிர்ந்து உட்கார்ந்தால் இன்னும் கூடியது. மாரடைப்பு என்றே முடிவுசெய்து, சுவரில் இருந்த அழைப்பு மணியை விடாமல் அழுத்தினேன். ஓடி வந்த செவிலியர் நாடித்துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் ஆக்சிஜன் அளவையும் பார்த்துவிட்டு, "அக்கா, இது கேஸ் வலி. பயப்படாதீங்க, எந்திரிச்சு நாலு எட்டு நடங்க" என்றார். வயிற்றில் செய்த அறுவைக்குத் தோளில் வலிப்பது எப்படி என்று எனக்கு அவர்மேல் கோபம்கூட வந்தது.

காரணம் இதுதான். செலுத்திய வாயுவில் கொஞ்சம் உள்ளேயே தங்கி, நாம் எழுந்து உட்காரும்போது மேலேறி, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் இடையே உள்ள உதரவிதானத்தை உறுத்துகிறது. உதரவிதானத்துக்கு வரும் நரம்பும் தோள்பட்டைத் தோலுக்கு வரும் நரம்பும் கழுத்தில் ஒரே இடத்திலிருந்து கிளம்புவதால், மூளை அந்த வலியைத் தோளின் கணக்கில் எழுதிவிடுகிறது. ஓரிரு நாளில், சிலருக்கு இன்னும் சற்று நாள் கழித்து, வாயுவை உடலே உறிஞ்சி மூச்சு வழியாக வெளியேற்றிவிடும்.

எனக்கு உதவியவை: தலையணை இல்லாமல் சிறிது நேரம் மட்டமாகப் படுத்தல், மருத்துவர் எழுதிக் கொடுத்த வலி மாத்திரையை வலி வந்த பிறகு தேடாமல் நேரந்தவறாமல் விழுங்குதல், வராந்தாவில் மெதுவாக நடத்தல். நடப்பது கால்களில் ரத்தம் உறையாமல் இருப்பதற்கும் தேவை. ஆனால் மூச்சுத் திணறல், நடு நெஞ்சில் இறுக்கம், ஒரு கெண்டைக்காலில் மட்டும் வீக்கமும் வலியும் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அதை வாயு என்று நீங்களாக முடிவுசெய்யாமல் உடனே சொல்லுங்கள்.

படி 6: வீட்டில் முதல் பத்து நாள்

தக்கலையில் உள்ள எங்கள் வீட்டுக்குக் காரில் வந்தபோது, ஒரு சிறு தலையணையை வயிற்றின்மேல் வைத்து அதன்மேல் இருக்கைப் பட்டியைப் போட்டுக்கொண்டேன். சாலைக் குழிகளுக்கு மட்டுமல்ல, இருமும்போதும் தும்மும்போதும் அதுவே துணை. உடைக்கு, நாடாவும் இலாஸ்டிக்கும் இல்லாத தளர்ந்த நைட்டிக்கு ஈடு எதுவும் இல்லை. பிரசவத்துக்குப் பின் கட்டுவதுபோல் துணியால் வயிற்றை இறுக்கிக் கட்ட மாமியார் முனைந்தார். மருத்துவர் சொல்லாததால் வேண்டாம் என்றேன்.

மலச்சிக்கலே வீட்டில் பெரிய எதிரி. உளுந்தங்களியும் அவித்த நேந்திரமும் எனக்கு வயிற்றைக் கட்டின. பயறுக் கஞ்சி, மட்டிப்பழம், நிறையத் தண்ணீர் ஆகியவையே உதவின. ஒரு தெர்மாமீட்டரைக் கட்டாயம் வாங்கி வையுங்கள். புறங்கையால் நெற்றியைத் தொட்டுப் பார்க்கும் வழக்கத்தை நான் நம்புவதில்லை.

ஒரு விதியை மட்டும் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினேன்: இன்றைய உடல்நிலை நேற்றையதைவிடத் தேறியிருக்க வேண்டும். வயிற்று வலி குறையாமல் கூடினாலோ, 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல் வந்தாலோ, வாந்தியோடு வயிறு உப்பினாலோ அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அறுவையின்போது குடலில் பட்ட சிறு காயம், சிலருக்கு வீடு திரும்பிய பின்னரே வெளிப்படும். சிறுநீர் கழிக்க முடியாமை, பிறப்புறுப்பு வழியாகத் தண்ணீர்போல் விடாமல் கசிதல், விலாப்புற வலி ஆகியவை சிறுநீர்ப் பாதையில் காயம் இருப்பதைக் காட்டக்கூடும்.

படி 7: நான்காவது வாரம்

தழும்புகள் காய்ந்துவிட்டன, வலியும் இல்லை. ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர் வராத ஒரு காலையில், உறைந்திருந்த ரப்பர் பாலை வீணாக்க மனமில்லாமல், ஷீட் அடிக்கும் மெஷினின் கைப்பிடியைப் பிடித்துச் சுற்றினேன். மூன்றாவது ஷீட் உருளைக்குள் போகும்போது கால்வழியே சூடாக ரத்தம் இறங்கியது. அன்று மருத்துவர் சோதித்து, உள்தையல் பிரியவில்லை என்று சொல்லும்வரை நான் பேசவே இல்லை.

கர்ப்பப்பையை எடுத்த பிறகு பிறப்புறுப்பின் மேல்முனையை உள்ளே தைத்து மூடியிருக்கிறார்கள். அந்தத் தையல் உறுதியாவதற்கு 6 முதல் 8 வாரம் ஆகும். வயிற்றைத் திறந்து செய்தாலும் துளையிட்டுச் செய்தாலும் அந்தத் தையல் ஒன்றே. அதுவரை கிணற்றில் நீர் இறைத்தல், நிறைந்த வாளி, அரிசி மூட்டை, ரப்பர் உருளை எதுவும் வேண்டாம். தாம்பத்தியமும் மருத்துவர் சோதித்து அனுமதித்த பிறகே. சில வாரங்களுக்குப் பழுப்பு நிறத்தில் கொஞ்சம் கசிவது இயல்பு. அணையாடை நனையும் அளவுக்குச் சிவந்த ரத்தமோ ரத்தக் கட்டிகளோ வந்தால் அது இயல்பன்று.

படி 8: திசுப் பரிசோதனை அறிக்கை

எடுத்த கர்ப்பப்பை ஆய்வகத்துக்குப் போகும்; அறிக்கை வர ஒரு வாரத்துக்கு மேல் ஆகலாம். தையலைக் காட்டப் போகும் நாளில் அதைக் கேட்டு வாங்கி, மருத்துவரிடம் வரிவரியாகப் புரிந்துகொண்டு, வீட்டுக் கோப்பில் வையுங்கள். கர்ப்பப்பை வாயையும் எடுத்தார்களா என்பதை விடுவிப்புச் சுருக்கத்தில் (டிஸ்சார்ஜ் சம்மரி) பாருங்கள்; அது எஞ்சியிருந்தால் கர்ப்பப்பை வாய்ப் புற்றுக்கான பரிசோதனையைத் தொடர வேண்டும்.

பின்னர் சேர்த்தது

வாசகி ஒருவர், தாம் உட்கொள்ளும் சர்க்கரை மாத்திரையால் அறுவை தள்ளிவைக்கப்பட்டதாக எழுதியிருந்தார். டாபாகிளிப்ளோசின், எம்பாகிளிப்ளோசின் போன்று 'ப்ளோசின்' என்று முடியும் மாத்திரைகளைப் பொதுவாக மூன்று நாளுக்கு முன்பே நிறுத்தச் சொல்வார்கள். சர்க்கரை அளவு சரியாக இருக்கும்போதே ரத்தத்தில் அமிலம் கூடிவிடும் ஆபத்து உண்டு. அட்டையின் பின்புறம் சிறிய எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரைப் படித்துப் பாருங்கள்.

இன்னொருவருக்கு, ஆறிய துளை ஒரு மாதம் கழித்துச் சிறு கட்டியாகத் தடித்து நீர் கசிந்தது. வழக்கமான நுண்ணுயிர்க்கொல்லி இரண்டு முறை கொடுத்தும் நிற்கவில்லை. கருவிகளைச் சரியாக நுண்ணுயிர் நீக்கம் செய்யாதபோது, காசநோய்க் கிருமியின் உறவான ஒருவகை நுண்ணுயிர் துளையில் தங்கி இப்படி வாரக்கணக்கில் கழித்து வெளிப்படுவது உண்டு. களிம்பு தடவிக் காத்திருக்காமல், கசியும் நீரையோ அந்தத் திசுவையோ அதற்குரிய பரிசோதனைக்கு அனுப்பும்படி மருத்துவரிடம் கேளுங்கள். இதற்கான மருந்து வேறு, உட்கொள்ள வேண்டிய காலமும் மாதக்கணக்கில் நீளும்.