ஊருக்குப் போய்க் கண்ணாடி வாங்குவது: டர்பன்காரர்களுக்கு

டர்பனில் சாட்ஸ்வர்த்திலிருந்தும் ஃபீனிக்ஸிலிருந்தும் தமிழ்நாட்டில் உள்ள ஊருக்குக் கிளம்புகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது பட்டுப்புடவை எங்கே எடுக்கலாம் என்று. அடுத்த கேள்வி, "அங்கே கண்ணாடி ரொம்ப மலிவாமே அக்கா, ஆன்லைனில் போட்டால் வீட்டுக்கே வருமாமே?"

மலிவுதான். வீட்டுக்கும் வரும். யார் வீட்டுக்கு, எப்போது, வந்த கண்ணாடி உங்கள் கண்ணுக்குப் பொருந்துமா என்பதில்தான் விஷயம் இருக்கிறது. காரைக்குடியில் பிறந்து டர்பனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள் நான். கோயில் பயணத்துக்கு இங்கிருந்து போகிறவர்களோடு நாலைந்து முறை துணைக்குப் போயிருக்கிறேன். என் வீட்டிலேயே ஒரு கண்ணாடி வீணாய்ப் போனது. அதைப் பிறகு சொல்கிறேன்.

கிளம்புவதற்கு முன்பே ஒரு வேலை இருக்கிறது. இங்கே உங்கள் ஆப்டோமெட்ரிஸ்ட் (கண் அளவெடுப்பவர்) கொடுத்த ஸ்கிரிப்ட்டின், அதாவது கண்ணாடிச் சீட்டின், நகல் கையில் இருக்கட்டும். பல மெடிக்கல் எய்ட் (மருத்துவக் காப்பீடு) திட்டங்களில் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை கண் பரிசோதனைக்குப் பணம் உண்டு, பயன்படுத்தாமல் விடாதீர்கள். பரிசோதனையை இங்கே முடித்துக்கொண்டு, கண்ணாடியை மட்டும் அங்கே வாங்குவதில் ஒரு தவறும் இல்லை. ஆனால் ஸ்கிரிப்ட்டில் பெரும்பாலும் பி.டி. எழுதியிருக்காது. கேட்டு வாங்குங்கள். இரண்டு கண்பாவைகளின் நடுவுக்கு நடு எத்தனை மில்லிமீட்டர் என்பதுதான் பி.டி. பெரியவர்களுக்குப் பொதுவாக 54-லிருந்து 74-க்குள் இருக்கும். முடிந்தால் வலது கண்ணுக்குத் தனியாக, இடது கண்ணுக்குத் தனியாக மூக்கின் நடுவிலிருந்து அளந்து தரச் சொல்லுங்கள். எல்லோருக்கும் மூக்கு சரி நடுவில் இருப்பதில்லை.

ஆன்லைனில் கண்ணாடி போடுகிறவர்கள் அதிகம் கோட்டை விடுவது இந்த எண்ணில்தான். பவரை நாலு தடவை சரிபார்ப்பார்கள், ஃபிரேமின் நிறத்துக்கு அரைநாள் யோசிப்பார்கள். பி.டி. கேட்கும் கட்டத்தில், தளமே போட்டு வைத்திருக்கும் 63-ஐ அப்படியே விட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார்கள்.

நானும் அதைத்தான் செய்தேன். அத்தைக்கு, அதாவது என் மாமியாருக்கு, ஒரு ப்ரோக்ரஸிவ் கண்ணாடி, தூரத்துக்கும் படிக்கவும் ஒரே லென்ஸில் பவர் உள்ளது. தூரப் பவர் மைனஸ் ஐந்து, வெள்ளெழுத்துக்குப் பிளஸ் இரண்டேகால். பவரெல்லாம் சரியாகப் போட்டேன். பி.டி.யை மட்டும் 63 என்றே விட்டேன். கண்ணாடி வந்தது, பெட்டியும் அழகாக இருந்தது. போட்டுக்கொண்டு திண்ணையிலிருந்து இறங்கிய அத்தை தூணைப் பிடித்துக்கொண்டார். "படி மேலே வருதும்மா" என்றார். பழகிவிடும் என்று நான்கு நாள் ஓட்டினோம். தலைவலிதான் மிச்சம். பிறகு ஒரு கடையில் அளந்தால் அத்தையின் பி.டி. 57. ஆறு மில்லிமீட்டர் வித்தியாசம்; ஒரு கண்ணுக்கு மூன்று.

மூன்று மில்லிமீட்டரில் என்ன வந்துவிடும் என்று கேட்கத் தோன்றும். பவர் உள்ள எந்த லென்ஸிலும் நடுப்புள்ளியை விட்டு விலகிப் பார்த்தால் அது பட்டகம் (ப்ரிஸம்) போல ஒளியை வளைக்கும். விலகலை சென்டிமீட்டரில் எடுத்து பவரால் பெருக்கினால் எவ்வளவு வளைகிறது என்று தெரியும். 0.3-ஐ ஐந்தால் பெருக்கினால் ஒன்றரை. இரண்டு கண்ணும் சேர்ந்தால் மூன்று பட்டக அளவு. கண் தசைகள் நாள் முழுக்க அதோடு மல்லுக்கு நிற்க வேண்டும். ப்ரோக்ரஸிவில் இன்னொரு தொல்லை: படிக்கிற பகுதி ஒரு குறுகிய சந்து மாதிரி. மூன்று மில்லிமீட்டர் தள்ளினால் சந்தின் சுவரில்தான் போய் முட்டுவோம். பவர் ஒன்று, ஒன்றரை என்றால் இதே தவறு தெரியாமலே போகும். அதனால்தான் சிலர் "நான் ஆன்லைனில் வாங்கினேன், அருமையாக இருக்கிறது" என்கிறார்கள், சிலர் தலையைப் பிடித்துக்கொள்கிறார்கள்.

கண்ணாடி அனுப்பிய ஆன்லைன் கடை பணத்தைத் திருப்பித் தரவில்லை. நீங்கள் கொடுத்த அளவுக்குத்தான் செய்தோம் என்றார்கள். அவர்கள் சொன்னதும் சரிதான். ஆளுக்கென்று வெட்டிய லென்ஸை வேறு யாருக்கும் விற்க முடியாது. திருப்பி எடுப்பார்களா, எத்தனை நாளுக்குள், லென்ஸுக்கும் சேர்த்தா ஃபிரேமுக்கு மட்டுமா என்று பணம் கட்டுவதற்கு முன்பே படித்துவிடுங்கள்.

கடைசியில் மதுரையில், மீனாட்சியம்மன் கோயில் பக்கத்தில் ஒரு சின்னக் கடை. கண்ணாடிக்காரருக்கு அறுபது வயதிருக்கும். ஃபிரேமை அத்தைக்கு மாட்டி, காதுப் பக்கம் வளைத்துச் சரிசெய்துவிட்டு, நேர் எதிரே தன் முகமும் அத்தையின் முகமும் ஒரே உயரத்தில் வரும்படி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "என் இடது கண்ணைப் பாருங்கம்மா. இப்ப வலது கண்ணு" என்று சொல்லிச் சொல்லி, ஃபிரேமோடு வரும் பவர் இல்லாத டம்மி லென்ஸின் மேல் கறுப்பு மார்க்கரால் பாவைக்கு நேராக ஒவ்வொரு புள்ளி வைத்தார். பிறகு அடிக்கோலால் புள்ளியிலிருந்து ஃபிரேமின் அடிவிளிம்பு வரை அளந்து எழுதிக்கொண்டார். ஐந்து நிமிட வேலை. அந்த உயரத்தைக் கண்ணாடி முகத்தில் இருக்கும்போதுதான் அளக்க முடியும்.

ஆகவே என் கணக்கு எளிது. தூரத்துக்கு மட்டும் அல்லது படிக்க மட்டும் என்றால் ஆன்லைன் நல்லது. ஆயிரம் இரண்டாயிரம் ரூபாயிலேயே உருப்படியானது கிடைக்கும். அதை ராண்டில் மாற்றிப் பாருங்கள், இங்கே ஃபிரேமுக்குக்கூட அந்தப் பணம் காணாது. ப்ரோக்ரஸிவ், பைஃபோக்கல் (கோடு போட்டு இரண்டு பவர் உள்ளது), ஆறுக்கு மேற்பட்ட பவர், பட்டகம் எழுதிய ஸ்கிரிப்ட், சின்னக் குழந்தைகள்: இவர்களுக்கெல்லாம் நேரில் போய் உட்கார்ந்துதான் வாங்க வேண்டும்.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழி உண்டு. லென்ஸ்கார்ட் என்ற கண்ணாடிக் கம்பெனி 2010-ல் ஆன்லைனில் தொடங்கியது. இன்று தமிழ்நாட்டில் ஊருக்கு ஊர் கடையும் வைத்திருக்கிறார்கள். டைட்டன் ஐ பிளஸுக்கும் கடை, தளம் இரண்டும் உண்டு. (டைட்டனை வடநாட்டுக் கம்பெனி என்று நினைப்பவர்களுக்கு: 1984-ல் டாடாவும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் சேர்ந்து தொடங்கியது, தொழிற்சாலை ஓசூரில்.) ஃபிரேமைத் தளத்தில் பார்த்து வைத்துக்கொண்டு, கடையில் போய் மாட்டிப் பார்த்து, அங்கேயே அளவெடுத்து ஆர்டர் கொடுக்கலாம்.

கண்ணையும் ஒரு முறை முழுதாகப் பார்த்துவிடலாம் என்றால் அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது. டாக்டர் கோவிந்தப்பா வெங்கடசாமி அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, 1976-ல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கியது. இப்போது திருநெல்வேலி, கோயம்புத்தூர், தேனி, புதுச்சேரி, சென்னை என்று பல ஊர்களில் இருக்கிறது. உள்ளேயே கண்ணாடிக் கடையும் உண்டு. சென்னையில் 1978-லிருந்து இயங்கும் சங்கர நேத்ராலயாவும் இருக்கிறது. எங்கே போனாலும் காலையில் சீக்கிரம் போங்கள், அந்த நாளை அதற்கென்றே ஒதுக்குங்கள். பாவையை விரிக்கச் சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரத்துக்குக் கிட்டத்தில் எழுத்து தெரியாது, வெயில் கூசும். அன்று சாயங்காலம் நகைக்கடை வேண்டாம்.

சர்க்கரை உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் வீடுகளில் அது இல்லாத வீடு குறைவு. ஊருக்குப் போனால் பால்கோவா, அல்வா, சொந்தக்காரர் வீட்டுப் பாயசம் என்று சர்க்கரை ஏறி இறங்கும். அதோடு பவரும் மாறும். ரத்தச் சர்க்கரை கட்டுக்குள் இல்லாத வாரத்தில் எடுத்த அளவு டர்பன் வந்து சேர்வதற்குள் பொய்யாகிவிடும். கண்புரை அறுவை செய்துகொண்டவர்களும் நான்கு முதல் ஆறு வாரம் பொறுத்து, மருத்துவர் சொன்ன பிறகே அளவெடுக்க வேண்டும்.

அங்கே தரும் சீட்டு இங்கே தந்த ஸ்கிரிப்ட்டோடு ஒத்துப்போகவில்லையே என்று பயந்து என்னை அழைத்தவர்கள் உண்டு. உடனே பயப்பட வேண்டாம். மைனஸ் 2, சிலிண்டர் (பார்வைச் சிதறலைச் சரிசெய்யும் பவர்) மைனஸ் 1, ஆக்ஸிஸ் (அந்தப் பவரின் கோணம்) 90 என்பதும், மைனஸ் 3, சிலிண்டர் பிளஸ் 1, ஆக்ஸிஸ் 180 என்பதும் ஒரே கண்ணாடிதான். எழுதும் முறை இரண்டு. ஆனால் ஆன்லைனில் பதியும்போது பாதியை ஒரு சீட்டிலிருந்தும் பாதியை இன்னொன்றிலிருந்தும் எடுத்துவிடாதீர்கள். பிளஸ், மைனஸ் குறியைச் சத்தம் போட்டுப் படித்துக்கொண்டே தட்டுங்கள். இங்கே ஓ.டி. என்று போடுவது வலது கண், ஓ.எஸ். இடது கண்.

ஃபிரேம் அளவுக்கு உங்கள் பழைய கண்ணாடியைக் கேட்டாலே போதும். காதுக்கம்பியின் உட்பக்கத்தில் 52, 18, 140 என்பது போல மூன்று எண் பொடி எழுத்தில் இருக்கும்: லென்ஸின் அகலம், மூக்குப் பாலம், கம்பியின் நீளம். அதிலிருந்து ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்குள் எடுங்கள். பவர் அதிகம் உள்ளவர்கள் சின்ன ஃபிரேமாக எடுத்தால் ஓரம் தடிக்காது. பெரிய சதுர ஃபிரேமை எடுத்துவிட்டு 1.74 என்ற எண்ணுள்ள மெல்லிய லென்ஸுக்கு (எண் கூடினால் லென்ஸ் மெலிதாகும்) மூன்று மடங்கு பணம் கொடுப்பதைவிட அது மேல். மூன்று, நான்கு பவருக்கு 1.60 தாராளமாகப் போதும். கூச்சம் குறைக்கும் பூச்சு அவசியம் போடுங்கள், இரவில் கார் ஓட்டும்போது தெரியும். திரையின் நீல ஒளியைத் தடுக்கும் புளூ கட் பூச்சு என்று கூடுதலாகக் கேட்டால் நான் வாங்க மாட்டேன். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் 2023 ஆய்வுத் தொகுப்பும் திரை பார்ப்பதால் வரும் கண் அலுப்புக்கு அதனால் பெரிய பலன் தெரியவில்லை என்றே சொன்னது.

இனி, பெட்டி வந்து சேரும் கதை. இங்கிருந்து போகிறவர்கள் பெரும்பாலும் டிசம்பர் பள்ளி விடுமுறையில் போகிறார்கள். சென்னையில் இரண்டு நாள், காஞ்சிபுரம், சிதம்பரம், தஞ்சாவூர், மதுரை, பழனி, ராமேஸ்வரம் என்று ஓட்டம். சென்னை ஹோட்டல் முகவரி கொடுத்து ஆர்டர் போட்டால் கண்ணாடி சென்னைக்கு வரும்போது நீங்கள் பழனிப் படியில் இருப்பீர்கள். இறங்கிய முதல் இரண்டு நாளுக்குள் ஆர்டர் கொடுங்கள். எட்டாம் நாள், பத்தாம் நாள் எந்த ஊரில் தங்குகிறீர்களோ அந்த ஊரில் ஒரு சொந்தக்காரர் அல்லது தெரிந்தவர் வீட்டு முகவரி கொடுங்கள். தெருப்பெயர் மட்டும் போதாது. "பிள்ளையார் கோயிலுக்கு எதிர் சந்து, ரேஷன் கடைக்குப் பக்கத்து வீடு" என்று எழுதினால்தான் டெலிவரி பையன் வருவார். பொங்கலை ஒட்டிய வாரத்தை நம்பவே வேண்டாம்.

ஆர்டர் போடவும் பொட்டலம் வாங்கவும் ஓ.டி.பி. கேட்பார்கள். அது இந்தியக் கைபேசி எண்ணுக்குத்தான் வரும். விமான நிலையத்திலேயே பாஸ்போர்ட், விசா நகல் காட்டி சிம் வாங்கிவிடுங்கள். தென்னாப்பிரிக்க வங்கிக் கார்டைச் சில தளங்கள் எடுக்கும், சில கடைசிப் பக்கத்தில் கைவிரிக்கும். சித்தப்பா மகன் கணக்கில் போட்டு அவர் கையில் ரூபாயைக் கொடுப்பதுதான் நடைமுறையில் சுலபம். ஒரு நிபந்தனை: தம்பி தட்டும்போது நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து எண்களைப் பார்க்க வேண்டும்.

கண்ணாடி கைக்கு வந்ததும் அந்த ஊரிலேயே ஏதாவது ஒரு கண்ணாடிக் கடையில் கொடுத்து, லென்ஸோமீட்டரில் பவரும் லென்ஸ் நடுவும் சரியா என்று பார்த்துத் தரச் சொல்லுங்கள். இரண்டு நிமிடத்தில் பார்த்துவிடுவார்கள். தவறு இருந்தால் அங்கே இருக்கும்போதே சண்டை போடலாம். டர்பனிலிருந்து போட முடியாது, வாரண்டிச் சீட்டும் இங்கே செல்லாது. மூக்குப் பட்டையும் இரண்டு திருகாணியும் அங்கேயே உபரியாக வாங்கி வையுங்கள். முதல் முறையாக ப்ரோக்ரஸிவ் போடுகிறவர்கள் ஒன்றிரண்டு வாரம் பழக வேண்டும். மலைக்கோயில் படிகளுக்குப் பழைய கண்ணாடியே துணை.

கோயிலில் இன்னொன்று. திருநீறு பூசிய விரலோடு கண்ணாடியைச் சரிசெய்வோம், பிறகு முந்தானையால் துடைப்போம். அந்தப் பொடி பூச்சைக் கீறிவிடும். முதலில் தண்ணீர் விட்டுக் கழுவி, பிறகு துடையுங்கள். வெயிலில் நிற்கும் வேனின் டாஷ்போர்டிலும் வைக்காதீர்கள், சூட்டில் பூச்சு வெடித்துச் சிலந்தி வலை மாதிரி ஆகிவிடும்.

திரும்பும்போது சுங்கத்தில் பயப்பட ஒன்றும் இல்லை. ஒருவருக்கு 5,000 ராண்ட் மதிப்புள்ள புதுப் பொருள் வரை வரி கிடையாது. கண்ணாடி மட்டும் என்றால் அதற்குள் அடங்கும். பட்டுப்புடவையும் சேரும்போதுதான் கணக்குப் பார்க்க வேண்டும். புதுக் கண்ணாடியைப் பெட்டியில் போட்டு விமானத்தின் வயிற்றுக்குள் அனுப்பாதீர்கள். சென்னைக்கும் டர்பனுக்கும் நேர் விமானம் இல்லை, துபாயிலோ தோஹாவிலோ பெட்டி பின்தங்கினால் கண்ணும் அதோடு பின்தங்கும். முகத்தில் ஒன்று, கைப்பையில் ஒன்று. திருகாணி முடுக்கும் சின்ன ஸ்க்ரூடிரைவரை மட்டும் பெட்டிக்குள் வையுங்கள். சென்னைப் பாதுகாப்புச் சோதனையில் என்னுடையதை எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.