சென்னைல வீடு கட்டப் போறீங்களா? மழைத்தண்ணி விஷயத்துல முன்னாடியே பாத்துக்க வேண்டியது

மனை பாக்கப் போறப்ப எல்லாரும் ரோடு அகலம் எவ்ளோ, மெட்ரோ எவ்ளோ தூரம், அப்ரூவல் இருக்கான்னு கேக்கறாங்க, ஆனா மழை பேஞ்சா தண்ணி எந்தப் பக்கத்துலேர்ந்து வந்து எங்க போகும்னு கேக்கறவங்க ரொம்பக் கம்மி. 2015 டிசம்பர்ல முடிச்சூர்ல, 2023 மிக்ஜாம் புயல்ல வேளச்சேரி, பெரும்பாக்கம் பக்கம் தண்ணில நின்னதுல அனுமதி வாங்கிக் கட்டின வீடுங்களும் இருந்துச்சுங்க. அதனால அப்ரூவல் பேப்பரை மட்டும் நம்பி அட்வான்ஸ் குடுத்துடாதீங்க.

இப்ப இதுல இன்னும் கவனமா இருக்கணும். ஏன்னா 2024 ஜூலைலேர்ந்து 2500 சதுர அடி வரைக்கும் மனை, அதுல 3500 சதுர அடி வரைக்கும் வீடுன்னா சுயசான்று முறையில ஆன்லைன்லயே உடனே பெர்மிட் வந்துடுது. அலையாம வேலை முடியுது, நல்ல வசதிதான். ஆனா ஆபீஸ்லேர்ந்து ஆள் வந்து இடத்தைப் பாத்துட்டு அப்புறமா அனுமதி தர்றதுங்கறது அதுல இல்லை, நீங்க குடுக்கற உறுதிமொழிதான் எல்லாம், அப்ப இடத்தைப் பாக்கற வேலையும் உங்க தலைலதான்.

மொதல்ல சர்வே நம்பரை வாங்கிக்கோங்க. அரசோட இ-சர்வீசஸ் சைட்ல அ-பதிவேடும் (நிலம் என்ன வகைன்னு சொல்ற பதிவேடு) புல வரைபடமும் (நிலத்தோட எல்லையைக் காட்டற அரசு வரைபடம்) எடுங்க, உங்க நம்பருக்கு மட்டும் இல்ல, சுத்தி நாலு பக்கம் இருக்கற நம்பருக்கும் எடுங்க. பக்கத்து நம்பர்ல வாய்க்கால், ஓடை, ஏரின்னு வகைப்பாடு போட்டிருந்தா அங்க நேர்ல போய் நில்லுங்க. வரைபடத்துல வாய்க்கால் உங்க மனை ஓரம் வரைக்கும் வருது, நேர்ல பாத்தா அந்த இடத்துல காம்பவுண்ட் சுவரும் தார் ரோடும் இருக்குன்னா, பெருமழைல அந்தத் தண்ணி உங்க வாசலுக்குத்தான் வரும். ஏரி கிட்டக்க இருந்தா கலங்கல், அதாவது ஏரி நெறைஞ்சா தண்ணி வழியற இடம், எங்க இருக்கு, உபரி தண்ணி எந்த வழியா போகுதுன்னு அந்த ஊர் பெரியவங்க கிட்ட கேளுங்க, அவங்களுக்குத் தெரிஞ்ச அளவுக்கு புரோக்கருக்குத் தெரியாது. பழைய வீட்டு சுவர்ல தண்ணி நின்ன கறை இருக்கும், அது எவ்ளோ உயரத்துல இருக்குன்னு டேப் வெச்சு அளந்துட்டே வாங்க. நீர்நிலை புறம்போக்கு, அதாவது ஏரி, வாய்க்காலுக்கான அரசு நிலம்னு தெரிஞ்சா வெல எவ்ளோ கம்மியா இருந்தாலும் வேண்டாம், 2007 சட்டப்படி ஏரி ஆக்கிரமிப்பை எடுக்க அரசுக்கு அதிகாரம் இருக்கு.

நீர்நிலைக்குப் பக்கத்துலயோ தண்ணி தேங்கற பகுதிலயோ லேஅவுட் போட்டா சிஎம்டிஏவோ (சென்னை பெருநகர வளர்ச்சிக் குழுமம்) டிடிசிபியோ (நகர் ஊரமைப்பு இயக்ககம்) நீர்வளத்துறை கிட்ட தடையில்லா சான்று கேப்பாங்க. அந்த லெட்டரோட காப்பியை மனை பிரிச்சு விக்கற புரமோட்டர் கிட்ட கேட்டு வாங்குங்க, இதை மட்டும் விட்டுடாதீங்க. இடத்தை எந்த மட்டம் வரைக்கும் மண் கொட்டி உயர்த்தணும், உள்ள மழைநீர் வடிகால் எப்படி விடணும், வாய்க்காலை அடைக்கக்கூடாதுங்கற நிபந்தனை எல்லாம் அதுலதான் இருக்கும். சொன்ன மட்டத்துக்கு நெஜமாவே மண் கொட்டியிருக்காங்களான்னு ஒரு சர்வேயரை வெச்சு லெவல் எடுத்துப் பாருங்க. லெட்டர் இருக்கு சார் ஆனா காட்ட முடியாதுன்னு சொன்னா அங்கேர்ந்து கிளம்பிடுங்க.

வீட்டு மட்டத்துக்கு வருவோம். தேசிய கட்டட விதித்தொகுப்பு சொல்றது, பிளிந்த், அதாவது வீட்டுக்குள்ள தரைக்குக் கீழ வர்ற அடித்தள மேடை, சுத்தியிருக்கற தரையை விட கொறஞ்சது 45 சென்டிமீட்டர் மேல இருக்கணும்னு. சென்னைல அது பத்தாதுங்கறது என் கருத்து, ஏன்னா ரோடு மேல ரோடு போட்டே தெரு உயர்ந்துட்டு வருது. ரோட்டோட நடு மட்டத்துலேர்ந்து கணக்கு வெச்சு, பழைய கறை மட்டத்தையும் தாண்டி வெய்ங்க, மேஸ்திரி கிட்ட டியூப் லெவல் (தண்ணி நெரப்பின குழாய் வெச்சு மட்டம் பாக்கறது) போட்டு சுவர்ல குறிச்சுக் காட்டச் சொல்லுங்க. பழைய ரோட்டை சுரண்டிட்டுதான் புது லேயர் போடணும்னு 2021-ல தலைமைச் செயலாளரே அறிவுறுத்தியிருக்கார், உங்க தெருவுல சுரண்டாம போட வந்தா வார்டு இன்ஜினியர் கிட்ட அன்னிக்கே சொல்லுங்க, போட்டு முடிச்சப்புறம் சொல்லி பிரயோஜனம் இல்ல. அதே நேரம் உங்க மனை முழுக்க மண்ணைக் கொட்டி பக்கத்து வீட்டுக்குத் தண்ணியைத் தள்ளி விடாதீங்க, வீட்டு மட்டத்தை உயர்த்தினா போதும், சுத்தி இருக்கற காலி இடம் தண்ணியை உள்ள வாங்கட்டும்.

மழைநீர் சேகரிப்பு 2003-லேர்ந்து தமிழ்நாட்ல எல்லா கட்டடத்துக்கும் கட்டாயம். நெறைய பேர் போட்டோவுக்காக ஒரு பைப்பை மண்ணுக்குள்ள சொருகி விட்டுடறாங்க, பாக்கவே வருத்தமா இருக்கு. சின்ன வீட்டுக்கு சிஎம்டிஏ சொல்ற முறை சிம்பிள்: வீட்டைச் சுத்தி 3 மீட்டருக்கு ஒண்ணா 30 சென்டிமீட்டர் விட்டத்துல 3 மீட்டர் ஆழத்துக்கு குழி, உள்ள ஒடைச்ச செங்கல் இல்லன்னா கூழாங்கல், மேல மணல், அதுக்கு மேல ஓட்டை போட்ட சிலாப். கேட் ஓரத்துல 7.5 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஒரு குட்டி வரப்பு கட்டினா வீட்டுத் தண்ணி ரோட்டுக்குப் போகாது. களிமண் இடமா இருந்தா தண்ணி சீக்கிரம் இறங்காது, அங்க கிணறு இருந்தா மொட்டை மாடித் தண்ணியை வடிகட்டி வழியா அதுல விடுங்க.

குழி நெறைஞ்சு மீறி வர்ற தண்ணியை மாநகராட்சி வடிகால்ல விட நீங்களே ரோட்டை வெட்டக்கூடாது, மண்டல ஆபீஸ்ல அனுமதி வாங்கணும். கனெக்‌ஷன் குடுத்தா நான்-ரிட்டர்ன் வால்வு (தண்ணியை ஒரே பக்கமா மட்டும் விடற வால்வு) போட்டே ஆகணும், இல்லன்னா தெரு வடிகால் ரொம்பினதும் அதே பைப் வழியா தண்ணி உங்க வீட்டுக்குள்ள திரும்பி வந்துரும். கழிவுநீரை மழைநீர் வடிகால்ல விடவே கூடாது, பிடிச்சா அபராதம், அதை விட முக்கியம் அந்தத் தண்ணி ஆத்துக்குப் போகுது. கார் ஏத்தறதுக்கு சாய்தளம் கட்டறப்ப வடிகாலோட தண்ணி இறங்கற வாயையும் மூடியையும் சேர்த்து சிமென்ட் பூசிடறாங்க, ஒரு வீடு அப்படிப் பண்ணினா தெருவே முங்குது. சாய்தளத்தை உங்க கேட்டுக்குள்ளயே கட்டுங்க.

சம்ப் வாயை தரையோட தரையா வெக்காம உயர்த்திக் கட்டுங்க, ஈபி மீட்டர் பாக்ஸையும் கறை மட்டத்துக்கு மேல மாட்டுங்க. வடகிழக்கு பருவமழை அக்டோபர்ல ஆரம்பிக்கும், அதனால செப்டம்பர்லயே குழி மேல இருக்கற மணலைக் கழுவிப் போட்டுட்டு, தெரு வடிகால்ல மண் அடைச்சிருந்தா போட்டோ எடுத்து வெச்சுக்கிட்டு மாநகராட்சி புகார் எண் 1913-க்கு போன் பண்ணி புகார் நம்பர் வாங்கிடுங்க.