சர்ச் வளாகத்துச் சருகை மக்க வைப்பது எப்படி?

இலையுதிர் காலத்தில் சர்ச் வளாகத்தைப் பெருக்க அக்கம்பக்கத்தார் சேரும்போது சருகை எரிக்காதீர்கள், மக்க வையுங்கள். கைக்குழந்தை இருக்கும் குடும்பத்திடம் 2 மணி நேரம் மட்டும் கேளுங்கள். அதற்கு மேல் இழுத்தால் அடுத்த வாரம் தலைகாட்ட மாட்டார்கள்.

நான்கு கம்பு நட்டு, 1 மீட்டர் உயரக் கம்பிவலையைச் சுற்றிக் கட்டினால் கூண்டு தயார். புல்வெட்டும் இயந்திரத்தைச் சருகின் மேல் ஒருமுறை ஓட்டி நறுக்குங்கள். முழு இலையாகக் கொட்டினால் தட்டுத்தட்டாக ஒட்டிக்கொள்ளும், காற்று புகாது. 30 செ.மீ. போட்டதும் தண்ணீர் தெளித்து மிதிக்க வேண்டும். மிதிப்பது குழந்தைகளின் வேலை. விட்டால் இறங்கவே மாட்டார்கள்.

ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் கை நனைய வேண்டும், சொட்டக் கூடாது. பெரும்பாலும் கெடுவது காய்ந்துபோவதால்தான்: மேலே கறுத்திருக்கும், உள்ளே கைவிட்டால் மொறுமொறுவென்று பழைய சருகே வரும். வெயில் நாட்களில் மறக்காமல் நனையுங்கள்.

நோய் தாக்கிய இலையும் சாலையோரக் குப்பையும் வேண்டாம். பசுமை மாறா மரங்களின் தடித்த இலை மக்க நாளாகும், தனியே போடுங்கள். மற்றவை 1 முதல் 2 வருஷத்தில் பொலபொலவென்று உதிரும். அதைப் பாத்திகளில் மண்ணை மூடும் போர்வையாக (மூடாக்கு) 5 செ.மீ. பரப்பலாம்.