பழுக்க வைக்கும் அறையில் எத்திலீனை அளக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோபி, சத்தியமங்கலம், கொடுமுடிப் பக்கத்து வாழைத்தார்களும், மேட்டுப்பாளையத்திலிருந்து கேரளத்துக்குப் போகும் நேந்திரனும் முன்பெல்லாம் புகை மூட்டம் போட்டுத்தான் பழுத்தன. காய்ந்த சருகையும் மட்டையையும் சட்டியில் புகைய விட்டு அறையை மண் பூசி அடைப்பார்கள். அந்தப் புகையில் இருந்த எத்திலீன்தான் காயைத் திருப்பியது என்பது அப்போது யாருக்கும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. இன்று அதே ஊர்களில் குளிரூட்டிய அறை, வாயு உருவாக்கும் கருவி, சுவரில் எண் காட்டும் மீட்டர் எல்லாம் வந்துவிட்டன. ஆனாலும் இரண்டு நாளில் நிறம் திரும்பவில்லை என்றால் பெரும்பாலான மண்டிகளில் முதலில் செய்வது வாயுவைக் கூட்டுவதுதான். என் கணிப்பில் அத்தகைய அறைகளில் பெரும்பாலும் எத்திலீன் குறைவாக இருப்பதில்லை. அது அளக்கப்படும் விதமே தவறாக இருக்கிறது, அல்லது அளக்க வேண்டிய வேறொன்று அளக்கப்படாமல் இருக்கிறது.

முற்றிய வாழைக்காய் மிகக் குறைந்த எத்திலீனுக்கே அசையும். வணிக அறையில் 100 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் 100 பங்கு) வைப்பது மூலை முடுக்கெல்லாம் போதிய வாயு சேர வேண்டும் என்பதற்காகவே. அதற்கு மேல் கூட்டுவதால் காய் விரைவாகப் பழுப்பதில்லை. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையமும், பயிர், ரகம், முற்றல் ஆகியவற்றைப் பொறுத்து 100 பிபிஎம் வரையில்தான் எத்திலீன் வாயுவை அனுமதிக்கிறது. ஆகவே மீட்டரை நம்பி வாயுவைக் கூட்டுகிறவர், அந்த மீட்டர் தவறாக இருந்தால், பயனில்லாத செலவோடு விதிமீறலையும் சேர்த்தே செய்கிறார்.

பொருந்தாத கருவி

அடிக்கடி காணப்படும் பிழை, எரிவாயுக் கசிவைக் காட்டும் கருவியை எத்திலீன் மீட்டராகப் பயன்படுத்துவது. அத்தகைய கருவி, வாயு தீப்பிடிக்கத் தேவையான குறைந்தபட்ச அளவில் எத்தனை சதவீதம் காற்றில் இருக்கிறது என்பதையே காட்டும். எத்திலீனுக்கு அந்த அளவு காற்றில் 2.7 சதவீதம், அதாவது 27,000 பிபிஎம். 100 பிபிஎம் என்பது அதில் அரை சதவீதம்கூட இல்லை. திரையில் சுழி என்றே தெரியும். சுழியைப் பார்த்துவிட்டு வாயுவைத் திறந்துவிடுகிறவர் எவ்வளவு சேர்த்தோம் என்று அறியவே வழியில்லை. கசிவு எச்சரிக்கைக்கு அந்தக் கருவி அறையில் இருக்கட்டும், குறிப்பாகத் தூய எத்திலீன் சிலிண்டர் வைத்திருப்பவர்களுக்கு அது கட்டாயம் வேண்டும். பழுக்க வைக்கும் அளவைப் பார்க்க மட்டும் அது உதவாது.

புற ஊதா விளக்கால் வாயுவை அயனியாக்கி அளக்கும் பிஐடி கருவி இதற்கு நேர்மாறான குழப்பத்தைத் தரும். அது பெரும்பாலும் ஐசோபியூட்டிலீன் என்ற வேறொரு வாயுவைக் கொண்டு அளவுத்திருத்தம் (அளவு தெரிந்த வாயுவைக் காட்டி எண்ணைச் சரிசெய்தல்) செய்யப்பட்டு வருகிறது. எத்திலீனுக்கு அதன் உணர்திறன் குறைவு, 10.6 எலெக்ட்ரான் வோல்ட் விளக்குள்ள கருவியில் காட்டும் எண்ணை ஏறத்தாழ 9 அல்லது 10 ஆல் பெருக்கினால்தான் உண்மையான அளவு கிடைக்கும். பெருக்க வேண்டிய இந்த எண்ணை, அதாவது திருத்தக் காரணியை, கருவியில் பதிவு செய்யாமல், 10 என்று காட்டும்போது வெறும் பத்துதானே என்று வாயுவை விடுகிறவர் ஏற்கெனவே 100 பிபிஎம் அருகில் இருக்கிறார்.

அறைகளில் நிரந்தரமாகப் பொருத்தப்படுபவை பெரும்பாலும், வாயு வினைபுரியும்போது எழும் மின்னோட்டத்தை அளக்கும் மின்வேதி சென்சார்கள். இவை நன்றாகவே வேலை செய்யும். ஆனால் எத்திலீனை மட்டும் பார்ப்பவை அல்ல. கார்பன் மோனாக்சைடு, எத்தனால், அசெட்டிலீன் ஆகியவற்றுக்கும் இவை எண் காட்டும். இதன் விளைவை மூன்று இடங்களில் கவனிக்க வேண்டும். வாயு உருவாக்கும் கருவி எத்தனாலைச் சூடான வினையூக்கியின் மேல் செலுத்தி எத்திலீனாக மாற்றுகிறது. கருவி போதிய சூடேறாமல் ஓடினால் மாறாத ஆல்கஹால் ஆவியாக அறைக்குள் வரும், சென்சார் அதையும் எத்திலீன் கணக்கில் சேர்த்துவிடும். அடுத்தது, மின்தடை நேரத்தில் ஓடும் டீசல் ஜெனரேட்டர். அதன் புகைக்குழாய் அறையின் காற்று உள்வாங்கும் துவாரத்துக்கு அருகில் இருந்தால் மீட்டர் ஏறும், காயோ நகராது. மூன்றாவது, அளவுக்கு மீறிப் பழுத்துப் புளிக்கத் தொடங்கிய சரக்கு அறையிலேயே கிடப்பது. அதிலிருந்தும் ஆல்கஹால் வரும். சந்தேகம் வந்தால் கண்ணாடிக் குழாயும் கைப்பம்பும் கொண்ட நிறமாற்றக் குழாயால் ஒருமுறை சரிபார்க்கலாம். ஆனால் அதற்கும் காலாவதித் தேதி உண்டு. பம்பை எத்தனை முறை இழுக்க வேண்டும் என்று உறையில் எழுதியிருப்பதைப் பின்பற்ற வேண்டும். வேறு வாயுக்களால் அதுவும் ஏமாறக்கூடும். ஆய்வக அளவில் துல்லியம் வேண்டுமென்றால் காற்று மாதிரியை வாயு நிறப்பிரிகைக்கு (வாயுக்களைத் தனித்தனியே பிரித்து அளக்கும் ஆய்வக முறை) அனுப்புவதுதான் முடிவான வழி.

மூக்கை நம்ப வேண்டாம் என்பதையும் சொல்லிவிடலாம். எத்திலீனுக்கு இலேசான இனிப்பு வாடை உண்டு. ஆனால் பழ வாசனை நிறைந்த அறையில் அந்த வாடையை வைத்து அளவைச் சொல்ல முடியாது.

சென்சார் தொங்கும் இடம்

எத்திலீன் கனமான வாயு, தரையில் தங்கும் என்று சிலரும், இலேசானது, மேலே போய்விடும் என்று சிலரும் சொல்லக் கேட்கலாம். இரண்டும் சரியல்ல. அதன் மூலக்கூறு எடை 28, காற்றின் சராசரி எடை ஏறத்தாழ 29. ஆகவே அது காற்றோடு கலந்தே இருக்கும். அறை முழுவதும் சீராகக் கலக்க வைப்பது விசிறிதான். அதனால் சென்சார் எந்த உயரத்தில் இருக்கிறது என்பதைவிட, எந்தக் காற்றோட்டத்தில் இருக்கிறது என்பதே முக்கியம். வாயு வெளிவரும் வாய்க்கு எதிரே மாட்டினால் அது மிகுதியாகக் காட்டும், கட்டுப்பாட்டுக் கருவி சீக்கிரமே நின்றுவிடும், பின்வரிசைக் கிரேட்டுகளுக்குக் குறைந்த வாயுவே போய்ச் சேரும். கதவை ஒட்டி மாட்டினால் கசிவுக் காற்றை அளந்து தேவைக்கு மேல் விடச் செய்யும். கிரேட்டுகளுக்கு நடுவே புகுந்து வந்து விசிறிக்குத் திரும்பும் காற்றில் மாட்டுவதே சரி.

நிரந்தர சென்சார் ஒன்று இருந்தாலும், கையடக்கக் கருவியின் உறிஞ்சு குழாயை அடுக்கின் நடுவிலும் கடைசி மூலையிலும் செருகிப் பார்க்கும் பழக்கம் வேண்டும். பழைய புகை அறையையே குளிர்பதன அறையாக மாற்றியிருக்கும் இடங்களில் காற்று புகாத பகுதிகள் நிச்சயமாக இருக்கும். குழாய் நீளமாக இருந்தால் முதலில் வருவது குழாய்க்குள் இருந்த பழைய காற்று என்பதால், சிறிது நேரம் உறிஞ்ச விட்டு எண் நிலைத்த பிறகே குறிக்க வேண்டும். மலிவான ரப்பர் குழாய் வாயுவை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். டெஃப்லான் குழாய் நல்லது.

ஈரப்பதம் 90 முதல் 95 சதவீதம் வரை வைக்கப்படும் அறையில் சென்சாரின் முகப்பில் பனித்துளி படிவது சாதாரணம். அந்தத் துளி வாயு உள்ளே போகும் வழியை அடைத்துவிடும். அடைத்த சென்சாரும் வயதான சென்சாரும் குறைவாகவே காட்டும் என்பதை மனதில் வைக்க வேண்டும், ஏனெனில் தானியங்கி அமைப்பு அந்தக் குறைவை நம்பி இடைவிடாமல் வாயுவை விட்டுக்கொண்டிருக்கும். ஈரப்பதமூட்டியின் தெளிப்புக்கு நேரே சென்சாரை வைக்கலாகாது.

சுழியும் நூறும்

சென்சாரைச் சுழிக்குத் திருத்த வெளிக்காற்றுக்குக் கொண்டுபோவது வழக்கம். வாழைமண்டியின் வாசலில் உள்ள காற்று சுத்தமான காற்று அல்ல; பழுத்த சீப்புகளும் லாரிப் புகையும் அங்கே இருக்கின்றன. அந்தக் காற்றைச் சுழி என்று கருவிக்குக் கற்பித்தால், பின்பு வரும் ஒவ்வொரு எண்ணும் குறைந்தே வரும். சுத்தக் காற்றுச் சிலிண்டரோ, அது இல்லாவிட்டால் மண்டியிலிருந்து விலகிய திறந்த வெளியோ வேண்டும். மேல் அளவுக்கு 100 பிபிஎம் எத்திலீன் கொண்ட அளவுத்திருத்த வாயு வாங்கும்போது, மீதி வாயு காற்றாக இருக்கும்படி கேட்டு வாங்குவது நல்லது; மின்வேதி சென்சார் வேலை செய்ய ஆக்சிஜன் தேவை என்பதால் நைட்ரஜனில் கலந்த வாயுவால் திருத்துவது பிழைக்கு இடம் தரும். வருடத்துக்கு ஒருமுறை விற்பனையாளர் ஒட்டிவிட்டுப் போகும் சான்றிதழ் சீட்டு, அடுத்த மாதம் சென்சார் எப்படி இருக்கிறது என்பதைச் சொல்லாது.

கணக்கிலும் பிழை வருகிறது. 6 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரமுள்ள அறையின் கொள்ளளவு 72 கன மீட்டர். 100 பிபிஎம்முக்கு 7.2 லிட்டர் எத்திலீன். ஆனால் அதற்குள் 8 டன் காய் இருந்தால் காயே 8 கன மீட்டருக்கு மேல் இடத்தை அடைத்துக்கொள்ளும், தேவை 6.3 லிட்டர் அளவுக்கு இறங்கிவிடும். அதே அளவைத் தர, நைட்ரஜனில் 5 சதவீத எத்திலீன் கலந்த சிலிண்டரிலிருந்து 126 லிட்டர் விட வேண்டும். கலவைச் சிலிண்டரைத் தூய வாயு என்று எண்ணி 6.3 லிட்டர் மட்டும் விடுகிறவருக்கு 5 பிபிஎம்தான் கிடைக்கும். சிலிண்டரில் ஒட்டியிருக்கும் சதவீதத்தைப் படிக்காமல் முந்தைய அறையின் கணக்கையே தொடர்வதால் வருவது இது.

அளக்கப்படாமல் விடப்படுவது

எத்திலீன் மீட்டரை வாங்கிவிட்டுக் கரியமில வாயு மீட்டரை வாங்காமல் விடுவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு என்று நினைக்கிறேன். காற்றில் கரியமில வாயு 1 சதவீதத்தைத் தாண்டினால் எத்திலீன் காயின் மேல் செய்யும் வேலையையே அது தடுத்துவிடும். பழுக்கும் வாழை 18 டிகிரி செல்சியஸில் கிலோவுக்கு மணிக்கு 15 முதல் 60 மில்லிலிட்டர் வரை கரியமில வாயுவை விடுகிறது. 30 என்று எடுத்துக்கொண்டாலும் மேலே சொன்ன 8 டன் அறையில் மணிக்கு 240 லிட்டர் சேரும். நன்றாக அடைத்த அறையில் மூன்று மணி நேரத்துக்குள் 1 சதவீதம் வந்துவிடும். எத்திலீன் மீட்டர் 100 காட்டும், காய் பச்சையாகவே நிற்கும். அப்போது வாயுவை மேலும் விடுவதில் அர்த்தமில்லை. கதவைத் திறந்து காற்றை மாற்ற வேண்டும், பின்பு எத்திலீனை மீண்டும் 100க்குக் கொண்டுவர வேண்டும். காற்றை மாற்றினால் விட்ட காசு போய்விடுமே என்று கதவைத் திறக்க மறுப்பவர்களுக்குத்தான் சரக்கு தங்குகிறது. உள்ளே நுழையும் ஆட்களுக்கும் இது பாதுகாப்பு. எட்டு மணி நேர வேலைக்குக் கரியமில வாயுவின் ஏற்கத்தக்க அளவு 5,000 பிபிஎம், அதாவது அரை சதவீதம்தான்.

வாயு விட்ட உடனே ஒருமுறை பார்த்துக் குறித்துவிட்டு மறுநாள் வரை அறையைத் திரும்பிப் பார்க்காததும் இதோடு சேர்ந்ததே. ஒரே தடவையாக வாயு விடும் அறையில், விட்ட ஒரு மணி நேரத்துக்குப் பின்னும், நான்கு மணி நேரத்துக்குப் பின்னும் எண்ணைக் குறிக்க வேண்டும். கதவைத் திறக்காமலே பாதியாகக் குறைந்திருந்தால் கதவு ரப்பரிலோ, வடிகால் குழாயிலோ, குளிர்பதனக் குழாய் சுவரைக் கடக்கும் துளையிலோ கசிவு இருக்கிறது. அதே குறிப்பேட்டில் கரியமில வாயு அளவையும், அறையின் வெப்பநிலைக்குப் பதிலாகக் காயின் சதைக்குள் வெப்பமானியைக் குத்திப் பார்த்த வெப்பநிலையையும் எழுத வேண்டும். வெயிலில் வந்த தார் உள்ளே குளிர்வதற்கும், குளிர்ந்த அறையில் இருந்த காய் 16 அல்லது 18 டிகிரிக்கு ஏறுவதற்கும் பல மணி நேரம் ஆகும் என்பதால், சுவர் வெப்பமானி அதைக் காட்டாது.

அளந்த இடங்களிலெல்லாம் எத்திலீன் ஒரே அளவாக இருந்து, கரியமில வாயு 1 சதவீதத்துக்குள் இருந்து, சதையின் வெப்பநிலையும் சரியாக இருந்து, அதன் பின்னும் காய் திரும்பவில்லை என்றால், தார் முற்றுவதற்கு முன்பே வெட்டப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். சீப்பில் விளிம்பு கூர்மையாக நிற்கும் காயைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, எந்தத் தோட்டத்திலிருந்து, எந்தத் தேதியில் வெட்டி வந்தது என்பதை அதே குறிப்பேட்டில் எழுதி, அடுத்த வெட்டுக்கு முன் தோட்டக்காரரிடம் பேச வேண்டும்.