ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை நின்ற ஜனதா

ராயபுரத்தில் எங்கள் வீட்டில் இருக்கும் ஹெச்.எம்.டி. ஜனதா கைக்கடிகாரம், 17 கல் (அச்சுகள் தேயாமல் சுழலப் பதித்த சிறு கற்கள்), சாவி கொடுக்கும் ரகம். முழுக்கப் பிரித்து, பெட்ரோலில் கழுவி, எண்ணெய் விட்டுப் பூட்டினேன். ஓட்டத்தைச் சீராக்கும் பேலன்ஸ் வீல் நன்றாகவே ஆடியது. ஆனாலும் திடீரென்று நின்றுவிடும்; லேசாகத் தட்டினால் மறுபடி ஓடும்.

முதலில், சாவி கொடுத்தால் முறுக்கேறும் மெயின் ஸ்பிரிங் மேல் சந்தேகம். புதிது போட்டும் அதே கதை. முட்கள் உரசுகின்றனவோ என்று முள், டயல் எல்லாம் கழற்றி ஓடவிட்டேன். அப்போதும் நின்றது.

முள்ளை மாட்டிப் பக்கத்திலேயே உட்கார்ந்து கவனித்தபோதுதான் பிடிபட்டது. தட்டி மட்டும் விட்டால், சரியாக ஒரு மணி நேரம் கழித்து, பெரிய முள் அதே இடத்துக்கு வரும்போது நிற்கிறது. நேரத்தைத் திருத்தினால் நிற்கும் இடமும் மாறுகிறது! கோட்டை விடுவது இங்கேதான். திருத்தும்போது முட்கள்தான் வழுக்கிச் சுழலும், அவற்றை ஓட்டும் நடுச் சக்கரமான சென்டர் வீல் அசையாது. அப்படியானால் கோளாறு முள் பக்கம் இல்லை. மணிக்கு ஒரு சுற்று சுற்றும் சென்டர் வீலில்தான்.

10 மடங்கு லென்ஸில் பார்த்தால், அதன் பினியனில், அதாவது அச்சிலுள்ள சிறு பற்சக்கரத்தில், இரண்டு பற்களுக்கு நடுவே துளித் துரு. கடலோர ஈரக்காற்றில் எஃகு துருப்பிடிப்பது சகஜம். பெட்ரோல் துருவைக் கரைக்காது. மூங்கில் குச்சியை ஊசியாகச் சீவி, இடுக்கு இடுக்காகச் சுரண்டி, கழுவி, உலர்த்திப் பூட்டினேன். பற்களுக்கு மட்டும் எண்ணெய் விடவில்லை, அழுக்கைப் பிடித்து வைக்கும்.

அப்பாடா, காலையில் கொடுத்த சாவிக்கு மறுநாள் காலைவரை நிற்காமல் ஓடுகிறது.