வரைந்து முடியாத ஓவியத்துக்குக் கருத்துச் சொல்வதும் கேட்பதும்

ஏற்காடு ஏரிக்கரையில் அமர்ந்து நீர்வண்ணத்தில் வரைபவரின் பின்னால் நின்று "நன்றாக இருக்கிறது" என்று சொல்லிவிட்டு நகர்வதால் அவருக்கு ஒரு பயனும் இல்லை. முதலில், படம் எந்த நிலையில் இருக்கிறது, எதைப் பற்றிக் கருத்து வேண்டும் என்று அவரிடமே கேளுங்கள். பிறகு ஆறடி தள்ளி நின்று, கண்களைப் பாதி மூடிப் பாருங்கள். நுணுக்கங்கள் மறைந்து, வெளிச்சமும் இருளும் மட்டும் தெரியும்.

குறையைச் சொல்லும்போது இடத்தையும் காரணத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். "மலை சரியில்லை" என்பதைவிட, "பின்னாலுள்ள மலையின் பச்சை, முன்னாலுள்ள சில்வர் ஓக் மரத்தின் பச்சையைப் போலவே அடர்த்தியாக இருப்பதால் தொலைவு தெரியவில்லை, சற்று நீலம் கலந்து வெளிறச் செய்தால் மலை பின்னுக்குப் போகும்" என்பது வரைபவருக்கு உதவும். நீர்வண்ணம் காய்ந்தபின் வெளிறும் என்பதால், ஈரமாக இருக்கும்போதே நிறத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்லாதீர்கள். மூடுபனி நாளில் அது காய்வதற்குக் கூடுதல் நேரமும் ஆகும். பிறர் தாளில் தூரிகை வைப்பது, எவ்வளவு நெருங்கிய நண்பராயினும், கூடவே கூடாது.

கேட்பவர் உடனே விளக்கம் சொல்லத் தொடங்காமல், சொன்னதைக் குறித்துக்கொள்வது நல்லது. நான் ஒருமுறை, ஒருவர் சொன்னவுடன் அவசரப்பட்டு, வெள்ளையாக விட்டிருந்த ஏரியின் மினுமினுப்பை நிறத்தால் மூடிவிட்டேன். எவ்வளவு ஒற்றி எடுத்தும் தாளின் வெண்மை திரும்பவில்லை. அதன்பிறகு பென்சில் கோட்டு நிலையிலேயே படத்தைக் காட்டிவிடுகிறேன். அப்போது திருத்துவதற்கு ஓர் அழிப்பான் போதும்.