நண்டை எப்போது உடைப்பது? கிட்டார் வாசிக்கும் உணவகத்தில் முதல் இரவுச் சாப்பாடு

எங்கள் குமரி மாவட்டத்துக்காரர்களுக்குப் பாட்டும் சாப்பாடும் சேர்ந்து வருவது புதிதல்ல. கோயில் கொடையில் விடிய விடிய வில்லுப்பாட்டு நடக்கும்போது சுக்குக்காப்பி கைமாறும். கல்யாண வீட்டில் ஒரு பக்கம் நாதஸ்வரம், ஒரு பக்கம் பந்தி. அங்கெல்லாம் நாம் எவ்வளவு கத்திப் பேசினாலும் மேளம்தான் ஜெயிக்கும். ஒரு கிட்டாரும் ஒரு குரலுமாக நடக்கிற உணவகத்தில் நம் பேச்சு ஜெயித்துவிடும். இது தெரியாமல்தான் முதல் தடவை ஏமாந்தேன். குடும்பத்தோடு போய், சமையலறைக் கதவுக்குப் பக்கத்து மேசையில் உட்கார்ந்து, எல்லோருக்கும் நண்டு சொல்லிவிட்டேன். இரண்டு மணி நேரத்தில் ஒரு பாட்டைக்கூட முழுதாகக் கேட்கவில்லை. "நண்டு நன்றாக இருந்தது" என்று மாமா மட்டும் சொன்னார்.

நீங்கள் அப்படித் திரும்பி வராமலிருக்க, நான் பிறகு கற்றுக்கொண்டதை வரிசையாகச் சொல்கிறேன்.

படி 1: முதலில் போன்

"நேரடி இசை" என்று பலகையில் எழுதியிருப்பதை நம்பிக் கிளம்பாதீர்கள். பதிவு செய்த பின்னணி இசையை ஓடவிட்டு ஒருவர் பாடினாலும் அதே பலகைதான் வைப்பார்கள். என்னென்ன கருவிகள் என்று கேளுங்கள். கிட்டார், புல்லாங்குழல், ஆள் மேலேயே உட்கார்ந்து கையால் தட்டுகிற கஹோன் என்ற மரப்பெட்டி என்று பதில் வந்தால் அது அகூஸ்டிக். அதாவது மரமும் தந்தியும் தாமே ஒலிக்கின்றன. மைக் வைத்தாலும் அந்த ஒலியைத் தூக்கிக் கொடுக்கத்தான். எத்தனை மணிக்குத் தொடங்குகிறது, இடைவேளை எப்போது, பாட்டுக்குத் தனிக் கட்டணம் உண்டா என்பதையும் அதே போனில் கேட்டுவிடுங்கள்.

படி 2: வானத்தைப் பாருங்கள்

தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமழையும் நமக்கு உண்டு. ஜூன் முதல் டிசம்பர் வரை மொட்டைமாடியிலோ புல்வெளியிலோ மேசை சொன்னால், மழை வந்தால் உள்ளே இடம் தருவார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஆரல்வாய்மொழியில் காற்றாலைகளைச் சுழற்றுகிற ஆடிக் காற்று மைக்கையும் விட்டுவைக்காது. பாட்டோடு 'புஸ் புஸ்' என்று ஊதும்.

படி 3: மேசை

திறந்தவெளியில் ஒலியைத் திருப்பி அனுப்பச் சுவர் கிடையாது. பாடுகிறவரிடமிருந்து உங்கள் தூரம் இரட்டிப்பானால் ஒலி சுமார் 6 டெசிபெல் இறங்கிவிடும். அத்துடன் கடல் ஓயாமல் இரைந்துகொண்டிருக்கும். ஆகவே வெளியே என்றால் நெருங்கி உட்காருங்கள். உள்ளே என்றால் நேர் எதிரே வேண்டாம், ஒலிபெருக்கிக்கு முன்னால் வேண்டவே வேண்டாம். டைல்ஸ் தரையும் கண்ணாடிச் சுவருமான கூடத்தில் ஒலி எதிரொலித்துக் குழம்பும்; பக்கவாட்டில் இரண்டு மூன்று மேசை தள்ளி இருப்பது நல்லது. கைகழுவும் இடம், ஜூஸ் மிக்சி, சமையலறைக் கதவு மூன்றும் எங்கே என்று பார்த்துவிட்டுப் பிறகு நாற்காலியை இழுங்கள்.

படி 4: சத்தத்தைப் பார்த்து உணவு சொல்லுங்கள்

எனக்கு இதுதான் முக்கியமான படி. பாட்டு தொடங்க அரை மணி நேரம் முன்பே போய்ச் சொல்லிவிடுங்கள். உணவிலும் சத்தமானது, சத்தமில்லாதது என்று உண்டு. ஆப்பமும் முட்டைக்கறியும் அமைதி. அவித்து மசித்த மரச்சீனிக் கிழங்கும் மீன்குழம்பும் அதைவிட அமைதி, கையால் உருட்டி எடுத்தால் தட்டில் ஸ்பூன் படுகிற சத்தம்கூட இல்லை. பப்படம் பாட்டுக்கு முன்னாலேயே முடிந்துவிட வேண்டும். இரும்புத் தட்டில் புகைந்து சீறிக்கொண்டு வருகிற சிஸ்லர் வந்தால் கூடமே திரும்பிப் பார்க்கும், பாடுகிறவரும் பார்ப்பார்.

நண்டு? இடைவேளையில் கொண்டுவரச் சொல்லுங்கள். ஓட்டை உடைத்து, காலை உறிஞ்சி, விரலை நக்குவதற்குள் பதினைந்து நிமிடம் போய்விடும். இடைவேளைக்கு அது சரியாக இருக்கும்.

படி 5: கேட்பது

பேசவே கூடாது என்பதில்லை, இது சபா அல்ல. பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்கும்படி பேசினால் போதும்.

ஒரு இடத்தில் மட்டும் கவனம் வேண்டும். கடற்காற்றின் ஈரத்திலும் கையின் சூட்டிலும் தந்தியின் சுருதி நழுவும். இரண்டு பாட்டுக்கு நடுவே கிட்டார்க்காரர் தலையைக் குனிந்து பிரடையைத் திருகுவார். பாட்டு நின்றுவிட்டது என்று எல்லோரும் அப்போதுதான் உரக்கப் பேசத் தொடங்குகிறார்கள். கிட்டாரின் கழுத்து நுனியில் சின்னத் திரையோடு ஒரு கருவி கவ்விக்கொண்டிருந்தால் கவலையில்லை. அது மரத்தின் அதிர்வை நேராக வாங்கிச் சுருதியைக் காட்டும், நம் சத்தம் அதற்கு ஒரு பொருட்டல்ல. அப்படி எதுவும் இல்லாமல் அவர் காதைக் கிட்டாரை நோக்கிச் சாய்த்தால் வாயை மூடிக்கொள்ளுங்கள். அரை நிமிட வேலை.

தாளத்துக்குக் கைதட்டுவதும் அவர் கேட்ட பிறகுதான். வில்லுப்பாட்டில் 'ஆமா' போடுவதற்கே பழகிய ஆள் வேண்டும். நாம் கைதட்டத் தொடங்கினால் நான்கு வரிக்குள் வேகம் கூடிவிடுகிறது, பாவம் அந்தக் கஹோன்காரர் நம்மைத் துரத்திப் பிடிக்க வேண்டியிருக்கும்.

படி 6: பாட்டுக் கேட்டு வாங்குவது

துண்டுத்தாளில் பாட்டின் முதல் வரியை எழுதிப் பரிமாறுகிறவரிடம் கொடுங்கள். மேசைக்கு ஒரு பாட்டு போதும். தாரை தப்பட்டையோடு வந்த பாட்டைக் கேட்டு ஒற்றைக் கிட்டார்க்காரரைச் சோதிக்காதீர்கள். மெல்லிசைப் பாட்டு என்றால் அவருக்கும் மகிழ்ச்சி.

படி 7: பில்

உணவகத்தில் ஜிஎஸ்டி பொதுவாக 5 சதவீதம். அறை வாடகை நாளுக்கு 7,500 ரூபாயைத் தாண்டும் பெரிய விடுதிக்குள் இருக்கிற உணவகம் என்றால் 18 சதவீதம். 'சேவைக் கட்டணம்' என்பது வேறு. அதைத் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் சொல்லிவிட்டது. சேர்த்திருந்தால் எடுக்கச் சொல்லுங்கள். மறுத்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. அப்படி மிச்சமாகிற பணத்தைப் பாடியவர் முன்னால் இருக்கிற பெட்டியில் போடலாம். பெட்டி இல்லையென்றால் கையிலேயே கொடுங்கள். பில்லோடு வைக்கிற டிப்ஸ் அவரிடம் போய்ச் சேரும் என்று நினைக்காதீர்கள்.

படி 8: வீடு திரும்புவது

திறந்தவெளியில் இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கிக்கு அனுமதியில்லை என்பதால் பாட்டு அதற்குள் முடிந்துவிடும். உள்ளூர் பஸ் அதற்கும் முன்னாலேயே நின்றிருக்கலாம். போகிற ஆட்டோக்காரரிடமே எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நண்டு மீந்திருந்தால் பார்சல் கட்டச் சொல்லுங்கள், வீட்டுத் திண்ணையில் எவ்வளவு சத்தமாக வேண்டுமானாலும் உடைக்கலாம்.